‘ஹேவ் வொர்க்டு’ சரியா, ‘வொர்க்டு’ சரியா? அவசரம்

கடைசிவரி:
வேலைக்கான விண்ணப்பக் கடிதம் ஒன்றை இன்று இரவுக்குள் அனுப்பியாக வேண்டும். அதில் “ஐ ஹேவ் வொர்க்டு தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்” என்று எழுதியிருக்கிறேன். படித்துப் பார்த்த தோழி ஹேவை எடுத்துவிடச் சொல்கிறாள். எடுத்தால் வாக்கியம் மொட்டையாக நிற்கிறது. எது சரி? ஒரே வரியில் சொன்னால் போதும்.

நீலமை:
ஒரே வரியில் சொல்ல முடியாது. அந்த வேலையில் இப்போதும் இருக்கிறீர்களா, விட்டுவிட்டீர்களா? விடையே அதில்தான் இருக்கிறது.

பத்தாம்பக்கம்:
இதில் கேட்க என்ன இருக்கிறது? ஃபார், சின்ஸ் இரண்டில் எது வந்தாலும் ஹேவ் வந்தே தீரும். பள்ளியில் அப்படித்தான் படித்தோம். தயங்காமல் அனுப்புங்கள்.

நீலமை:
தயவுசெய்து பொறுங்கள். சின்ஸுக்கு அந்த விதி பெரும்பாலும் பொருந்தும், ஃபாருக்குப் பொருந்தாது. ஃபார் எவ்வளவு காலம் என்று மட்டுமே சொல்லும். அந்தக் காலம் முடிந்ததா என்று சொல்லாது. “ஐ வொர்க்டு தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்” என்றால் அங்கே மூன்றாண்டு வேலை பார்த்தார், இப்போது இல்லை. ஹேவ் சேர்ந்தால், இன்னும் அங்கேயே இருக்கிறார் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். விண்ணப்பத்தில் இது சின்ன விஷயமில்லை.

ஈரத்தாள்:
எனக்குத் தெரிந்த சுலபமான வழி இது. அண்மையில் நடந்திருந்தால் ஹேவ் போடுங்கள், நெடுநாளாகிவிட்டால் ஹேவ் இல்லாத சிம்பிள் பாஸ்ட். வேலையை எப்போது விட்டீர்கள்? போன மாதமா, போன வருடமா?

காவல்கோபுரம்:
இங்கே எத்தனை முறை விளக்கியாயிற்று, படிப்பதற்குத்தான் யாருக்கும் பொறுமையில்லை. அண்மை, தொலைவு என்பதை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது. “ஹி லெஃப்ட் எ மினிட் அகோ” என்பதில் ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கிறது. அகோ நேரத்தைக் குறித்துவிட்டதால் ஹேவுக்கு இடமில்லை. பூமியோ சுமார் 450 கோடி ஆண்டுகளாக இருக்கிறது. அதற்கு “ஹேஸ் எக்ஸிஸ்டெட்” தான் வரும். முடிந்துபோன ஒரு நேரத்தைச் சுட்டுகிறீர்கள் என்றால் சிம்பிள் பாஸ்ட். எப்போது என்பதை விட்டுவிட்டு, நடந்ததா இல்லையா என்பதையே சொல்ல வருகிறீர்கள் என்றால், அல்லது இன்றுவரை தொடர்வதைச் சொல்கிறீர்கள் என்றால், ஹேவ் அல்லது ஹேஸ் சேர்ந்த பிரசென்ட் பெர்ஃபெக்ட். அடிப்படை தெரியாதவர்கள் விதி வகுக்க வராமல் இருப்பது நல்லது.

நீலமை:
விளக்கம் சரி, கடைசி வாக்கியம் வேண்டியதில்லை. ஒன்றைச் சேர்க்கிறேன். “ஹியூமன்ஸ் ஹேவ் வாக்டு ஆன் த மூன்” என்பதில் மனிதர் நிலவில் நடந்ததுண்டு என்பதே செய்தி. “ஆம்ஸ்ட்ராங் வாக்டு ஆன் த மூன் இன் 1969” என்று ஆண்டு வந்ததும் ஹேவ் போய்விடுகிறது. ஆண்டைச் சொல்லாவிட்டாலும் இன்று “ஆம்ஸ்ட்ராங் ஹேஸ் வாக்டு” என்று எழுதினால் இடிக்கும். அவர் 2012இல் மறைந்துவிட்டார். வாழ்க்கை அனுபவமாக ஒன்றைச் சொல்ல, அந்த வாழ்க்கை இன்னும் முடியாமல் இருக்க வேண்டும்.

கிளைவழி:
இவ்வளவு எதற்கு? “பார்த்தேன்” என்றால் சிம்பிள் பாஸ்ட், “பார்த்திருக்கிறேன்” என்றால் பெர்ஃபெக்ட். தமிழில் சொல்லிப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும்.

நீலமை:
பாதி தூரம்தான் கிடைக்கும். சேற்றில் காலடித் தடத்தைப் பார்த்துவிட்டு, “நேற்று யாரோ வந்திருக்கிறார்கள்” என்கிறோம். தமிழில் அது ஊகம், குற்றமில்லை. அதையே “சம்ஒன் ஹேஸ் கம் யெஸ்டர்டே” என்று எழுதினால் பிழை. இன்னொரு பக்கமும் இருக்கிறது. “மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன்” என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதற்குத்தான் அங்கே ஹேவ் வேண்டும். “இருக்கிறேன்” வருகிறதா என்று தேடினால் இந்த இடத்தில் தவறிவிடுவோம்.

பத்தாம்பக்கம்:
அமெரிக்கர்கள் “டிட் யூ ஈட் யெட்?” என்றுதானே கேட்கிறார்கள்? ஹேவே இல்லாமல் எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே.

காவல்கோபுரம்:
அது பேச்சுவழக்கு. கடிதத்துக்கு ஆகாது. “ஹேவ் யூ ஈட்டன் யெட்?” மட்டுமே முறையானது.

கிளைவழி:
பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. ஜஸ்ட், ஆல்ரெடி, யெட் ஆகியவற்றோடு சிம்பிள் பாஸ்ட் வருவது அமெரிக்காவில் சாதாரணம். பிரிட்டிஷ் வழக்கை மட்டும் முறை என்பது நியாயமா?

காவல்கோபுரம்:
நியாயம் பற்றி நான் பேசவில்லை. கற்பவர் ஒரு வழக்கைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நிற்க வேண்டும். இரண்டையும் கலப்பவர்கள்தான் கடைசியில் “ஹேவ் சீன் யெஸ்டர்டே” என்று எழுதுகிறார்கள்.

கிளைவழி:
அது எந்த நாட்டு வழக்கும் இல்லை. அமெரிக்காவின் தலையில் அதைக் கட்டாதீர்கள்.

நீலமை:
கேள்வி கேட்டவர் எங்கே? கடைசிவரி, வேலையில் இருக்கிறீர்களா இல்லையா?

கடைசிவரி:
2022இல் விட்டுவிட்டேன். அது தெரிந்ததுதானே என்று எழுதவில்லை. அடுத்த வரி “சின்ஸ் தென் ஐ வொர்க்டு ஆஸ் எ ஃப்ரீலான்சர்”. அது சரிதானே?

நீலமை:
இல்லை. முதல் வரி முடிந்துபோன காலம், அங்கே “ஐ வொர்க்டு”. ஃப்ரீலான்ஸ் வேலை இன்றும் தொடர்கிறது, ஆகவே “சின்ஸ் தென் ஐ ஹேவ் வொர்க்டு”. உங்கள் தோழி சொன்னது சரி. அங்கே எடுத்த ஹேவை அடுத்த வரியில் சேருங்கள்.

கடைசிவரி:
மாற்றி அனுப்பிவிட்டேன். நன்றி.

ஈரத்தாள்:
“திஸ் மார்னிங்” வந்தால் எதைப் போடுவது?

நீலமை:
காலையிலேயே எழுதினால் ஹேவ் போடலாம். மாலையில் உட்கார்ந்து எழுதினால் அந்தக் காலை முடிந்துவிட்டது, சிம்பிள் பாஸ்ட்தான்.