வேலூரிலிருந்து மணாலி: டிசம்பர் பனியில் ஆல் வீல் டிரைவ் இருந்தால் டயரில் மாட்டும் செயின் வேண்டாமா?

கோட்டைவாசி

எல்லாருக்கும் வணக்கம், சத்துவாச்சாரியிலிருந்து எழுதுகிறேன். எங்க மாமா போன வருஷம் செகண்ட் ஹேண்டில் ஒரு ஜெர்மன் எஸ்யூவி வாங்கினார். டீசல், ஆல் வீல் டிரைவ், 20 அங்குலச் சக்கரம், உள்ளே உட்கார்ந்தால் எங்க வீட்டு ஹாலை விட சொகுசு. கிறிஸ்துமஸ் லீவில் அதை எடுத்துக்கொண்டு மணாலி போய், ரோத்தாங் கணவாய் தாண்டி கேலாங் வரை போவதென்று வீட்டில் முடிவாகிவிட்டது. நானும் மாமாவும் மாற்றி மாற்றி ஓட்டுவோம், பின்னால் அத்தையும் அம்மாவும்.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவும் எனக்குத் தண்ணி பட்ட பாடு, மழையிலும் ஏறியிருக்கிறேன். ஆனால் மரமில்லாத மலையைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரன், பனிக்கட்டியை ஃப்ரீசரில் பார்த்ததோடு சரி. வண்டி விற்றவர், "நாலு சக்கரமும் இழுக்கும் சார், செயினெல்லாம் சின்னக் காருக்குத்தான்" என்று சொல்லி அனுப்பினார். நம்பலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

காட்பாடி ஜங்ஷன்

முதலில் ஒன்று, டிசம்பர் கடைசியில் ரோத்தாங் திறந்திருக்காது. 3,978 மீட்டர் உயரம், பனி மூடினால் கோடை தொடங்கும் வரை அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. நீங்கள் போகப்போவது அதற்குக் கீழே 2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கம் வழியாக, 9.02 கிலோமீட்டர். அதற்குள் ஒரு பிரச்சினையும் இல்லை, தார் காய்ந்து கிடக்கும். வம்பெல்லாம் மணாலிக்கு மேலே இருக்கும் சோலாங் தாண்டி சுரங்க வாய் வரைக்கும் உள்ள ஏற்றத்தில்தான். 2024 டிசம்பரில் நூற்றுக்கணக்கான வண்டிகள் ராத்திரி முழுக்க மாட்டிக்கொண்டு நின்றதே, அதே இடம். பனி கொட்டினால் போலீஸ் அங்கேயே மறித்து, 4x4 (நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி) அல்லது செயின் இருந்தால்தான் விடுவார்கள். அதையும் சில நாள் விட மாட்டார்கள்.

என்னுடையதும் 4x4தான், அதனால் எனக்கும் உங்களைப் போலத் திமிர் இருந்தது. ஏறும்போது ஜம்மென்று ஏறியது, பக்கத்தில் சின்னக் கார்கள் சக்கரம் சுற்றி நிற்பதைப் பார்த்து சிரித்தேன். சாயங்காலம் நாலரை மணிக்கு இறங்குகிறேன், வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது, பகலில் உருகின தண்ணி திரும்பக் கட்டியாகிவிட்டது. அது பனி மாதிரி வெள்ளையாகவே தெரியாது, ரோடு ஈரமாக இருக்கிறது என்றுதான் நினைப்போம். பிரேக்கை மிதித்தேன், காலடியில் ஏபிஎஸ் (பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது) கடகடவென்று அடிக்கிறது, வண்டி பாட்டுக்கு, குளியலறைத் தரையில் விழுந்த சோப்புக் கட்டி மாதிரி, நிதானமாகப் போய்க்கொண்டே இருக்கிறது. வேகம் 15 கூட இருக்காது. ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்த பனிக் குவியலில் மூக்கு குத்தி நின்றது. அந்தக் குவியல் இல்லையென்றால் இதை எழுத ஆள் இல்லை. உள்ளூர் டாக்சிக்காரர் ஒருவர் சக்கரத்தடியில் ரெண்டு கை மண்ணை வாரிப் போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே போனார்.

நாலு சக்கரமும் இழுக்கும், சரி. பிரேக் போடும்போது எல்லா வண்டிக்கும் நாலு சக்கரம்தானே?

பழைய டிரைவர்

தம்பி, நான் கம்மவான்பேட்டை. எங்க ஊரில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீட்டைத் தேட வேண்டும், தெரிந்திருக்கும். நான் ராணுவத்தில் லாரி ஓட்டினவன், காஷ்மீரில் ஸோஜிலா கணவாய் பக்கம் பல தடவை போய் வந்திருக்கிறேன், இப்போது ரிட்டயர்டு.

ஏறும்போது நடுவில் நிறுத்தாதே. முன்னால் போகிற வண்டி மேலே ஏறி முடித்த பிறகு நீ கிளம்பு, இல்லையென்றால் அவன் வழுக்கினால் நீயும் நிற்க வேண்டும், நின்றால் கிளம்பாது. இறக்கத்தில் எந்தக் கியரில் போக வேண்டுமோ அதை மேலேயே போட்டுக்கொள், ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவலுக்கு மாற்றி ஒன்று அல்லது இரண்டு. இஞ்சினே பிடிக்கட்டும். பிரேக், ஸ்டீயரிங், ஆக்சிலரேட்டர் மூன்றையும் தயிர்ப் பானை தூக்குகிற மாதிரி தொட வேண்டும். ராத்திரி ஹேண்ட் பிரேக் போட்டு வைக்காதே, ஈரமாக இருந்தால் உறைந்து பிடித்துக்கொள்ளும். சமதளத்தில் நிறுத்தி, கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வை. உன் வண்டியில் ஹேண்ட் பிரேக் பட்டனாக இருக்கும், தானாகப் போட்டுக்கொள்ளும், அதை எப்படி நிறுத்துவது என்று புத்தகத்தைப் பார்.

அந்தக் காலத்தில் ராத்திரியில் ரெண்டு தடவை எழுந்து இஞ்சினை ஓட்டி வைப்போம். தூக்கம் போனது போனதுதான், இன்றைக்கும் மார்கழியில் விடியற்காலை ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது.

ஸ்பேனர் 17

ராணிப்பேட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். யாரும் கேட்காததைக் கேட்கிறேன், ரேடியேட்டரில் என்ன இருக்கிறது? நம்ம ஊரில் அக்னி நட்சத்திரத்தில் கொஞ்சம் குறைந்தால் பாதிப் பேர் குடத்துத் தண்ணியை ஊற்றிவிடுகிறார்கள். இங்கே ஒன்றும் ஆகாது. அங்கே உறைந்தால் தண்ணி விரியும், ரேடியேட்டரோ இஞ்சின் பிளாக்கோ வெடிக்கும். கூலன்ட்டும் (உறையாமல் காக்கும் திரவம்) டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி இருந்தால் மைனஸ் 35 வரை தாங்கும். கண்ணாடி கழுவுகிற தண்ணியும் உறையாததாக மாற்றுங்கள்.

டீசல் அடுத்தது. குளிரில் டீசலில் இருக்கும் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். நம்ம பக்கத்து டீசலோடு மேலே போகாதீர்கள், டேங்கைக் காலியாக விட்டு குல்லு, மணாலியில் நிரப்புங்கள். இந்தியன் ஆயில் 2019இல் மைனஸ் 33 வரை உறையாத குளிர்கால டீசல் லடாக்குக்காகக் கொண்டுவந்ததே இந்தத் தொல்லைக்காகத்தான். டீசல் புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்றும் ஆட்ப்ளூ மைனஸ் 11இல் கட்டியாகும், அது பரவாயில்லை, டேங்கில் ஹீட்டர் இருக்கும், இஞ்சின் ஓடினால் உருகிவிடும்.

டயர்தான் பெரிய விஷயம். ஏழு டிகிரிக்குக் கீழே கோடை டயரின் ரப்பர் விறைத்துப் போகும், டயர் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடு) எவ்வளவு புதிதாக இருந்தாலும். டயர் பக்கவாட்டில் மலைச்சிகரத்துக்குள் பனிச்சில்லு படம் இருக்கிறதா பாருங்கள், இருந்தால்தான் பனிக்கானது. உங்கள் 20 அங்குல அகல டயரில் இருக்க வாய்ப்பே இல்லை. இன்னொன்று, அவ்வளவு பெரிய சக்கரத்தில் செயின் மாட்ட உள்ளே இடம் இருக்கிறதா என்றே சந்தேகம், மேனுவலைப் பாருங்கள்.

காட்பாடி ஜங்ஷன்

ஒரு யோசனை. போக மட்டும் 2,700 கிலோமீட்டருக்கு மேல், அத்தையையும் அம்மாவையும் உட்கார வைத்து எதற்கு? காட்பாடியிலேயே கேரளா எக்ஸ்பிரஸ் ஏறினால் டெல்லி. அங்கிருந்து பஸ்ஸோ டாக்சியோ பிடிக்கலாம். மாமா கோபப்படுவார், தெரியும்.

கோட்டைவாசி

எல்லாருக்கும் நன்றி, குறிப்பாக கம்மவான்பேட்டை ஐயாவுக்கு. நேற்று சாயங்காலம் மாமாவும் நானும் மேனுவலை எடுத்து உட்கார்ந்தோம், வண்டி வாங்கினதிலிருந்து அதன் கவரையே பிரிக்கவில்லை. 20 அங்குலத்தில் செயின் போடக்கூடாதென்று தெளிவாகப் போட்டிருக்கிறான். போட வேண்டுமென்றால் 18 அங்குலச் சக்கரமாம், அதுவும் பின்னால் மட்டும். பனிச்சில்லு படத்தை டார்ச் அடித்து நாலு டயரிலும் தேடினோம், இல்லை.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மணாலி வரைக்கும் நம்ம வண்டி, அதுக்கு மேல உள்ளூர்க்காரன் வண்டி" என்றார். ரயில் பேச்சை எடுக்க எனக்கு தைரியம் வரவில்லை.

இன்று காலை மெக்கானிக்கிடம் போய் கூலன்ட்டைச் சோதிக்கச் சொன்னேன். மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "சார், இது வெறும் குழாய்த் தண்ணி" என்றார். விற்றவர் நம்பரை மாமா தேடிக்கொண்டிருக்கிறார்.