தென்னந்தோப்பில் வாலில் கருவளையம் உள்ள குட்டிப் பாம்பு: கட்டுவிரியனா?

கேள்வி (பேராவூரணி)
கஜா புயலில் சாய்ந்த தென்னை மரத்தின் தூர் மக்கிக் கிடக்கிற இடத்தில் இருந்தது. பென்சிலை விடச் சன்னம், ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. வெளிர் பழுப்பு உடம்பு, கருந்தலை, வாலில் ரெண்டு கருவளையம். வேலையாள் கட்டுவிரியன் குட்டி என்கிறார். குப்பையைக் கொளுத்திட்டு, மண்ணைக் கிளற டிராக்டரில் ரொட்டவேட்டர் ஓட்டலாமா?

பதில் 1
கட்டுவிரியன் குட்டி பளபளன்னு கருப்பா இருக்கும், குறுக்கே வெள்ளை வரி ஓடும். இது மெல்லிய பவளப்பாம்பு. வால் தொடங்குற இடத்தில் ஒரு வளையம், நுனிக்கிட்ட இன்னொண்ணு, அதுதான் அடையாளம். மிரண்டா வாலைச் சுருட்டி அடிப்பக்க நீலத்தைக் காட்டும். 35 செ.மீ. அளவோட சரி.

விஷம் உண்டு. வாய் ரொம்பச் சின்னது, கடி அபூர்வம். கடிச்சா வீக்கமும் அரிப்பும் வரும். ஆனா நம்ம விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்குத்தான். அதனால வெறுங்கையால எடுக்காதீங்க. கடிபட்டா கயிறு கட்டாம, கீறாம நேரே அரசு மருத்துவமனை.

பதில் 2
கொளுத்தாதீங்க. கறையான், எறும்பு முட்டையைப் புழுப்பாம்பு தின்னும் (காதுக்குள்ள பூந்துடும்னு பாவம் அதை அடிச்சே கொல்றோம்). புழுப்பாம்பை இந்தப் பவளப்பாம்பு தின்னும். ஈரக் குப்பை போனா மூணும் போச்சு. கறையான் மருந்தைத் தோப்பு முழுக்க ஊத்தினாலும் அதே கதைதான். கன்னுத் தூரில் மட்டும் ஊத்துங்க.

ரொட்டவேட்டரை விட்டா, மேல் அரையடி மண்ணுக்குள்ள இருக்கிறது எதுவும் தப்பாது. நடுப்பாத்தியில் மட்டும் ஓட்டுங்க, வரப்போரம் ரெண்டு முழம் விட்டுடுங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில் பொந்தில் தண்ணி ஏறினா பாம்பு வரப்புக்குத்தான் ஏறி வரும். அந்தச் சமயம் வரப்பை வெட்டிச் செதுக்காதீங்க.

கேட்டவர்
தூரை அப்படியே விட்டா, தென்னங்குருத்தைக் குடையுற காண்டாமிருக வண்டு வருமே?

பதில் 2
வரும். மக்கின தென்னந்தூரும் எருக்குழியும்தான் அது முட்டையிடுற இடம். தூரை மெதுவா கிளறி, வெள்ளைப் புழு இருந்தா பொறுக்கிடுங்க. எருக்குழிக்கு, அந்தப் புழுவைக் கொல்லுற மெட்டாரைசியம் பூஞ்சை போடுங்க. ஈரம் இல்லேன்னா அது பிடிக்காது, வெயில் தாழ்ந்து தெளிக்கணும். கிளறின தூருக்குப் பதிலா, மரத்திலிருந்து அஞ்சடி தள்ளிக் குழி வெட்டி, தேங்காய் மட்டையைக் குழிவு மேலே பார்க்க அடுக்கி மண் மூடுங்க. ஈரம் தங்கும். மரத்துக்கும் நல்லது.

பதில் 1
கிளற மண்வெட்டி வேண்டாம், நீளக் கம்பு போதும். பாம்பு தெரிஞ்சா தள்ளி நின்னுடுங்க, அதுவே மண்ணுக்குள்ள போயிடும்.