நிக்கி டாய்ஸ் கார்களுக்கு விலை சொல்லத் தெரிந்தவர்கள் உண்டா?

வணக்கம் நண்பர்களே. சென்னையில் ஞாயிற்றுக்கிழமை ஏலங்களுக்குப் போய்ப் பழைய பொம்மைகளை எடுத்து விற்று வருகிறேன். இந்த முறை பாத்திரங்களோடு லாட்டாக வந்த அட்டைப்பெட்டியில் உலோகக் கார்கள் சில இருந்தன. ஒன்று ஜாகுவார் மார்க் 10, இன்னொன்று ஃபோக்ஸ்வேகன் 1500. அடியில் 'நிக்கி டாய்ஸ்' என்று இருக்கிறது. இங்கிலாந்தின் பொம்மைக் கார் பிராண்டான டிங்கி டாய்ஸின் பழைய அச்சுகள் 1960களின் கடைசியில் கல்கத்தாவுக்கு வந்தன. அவற்றில் வார்த்த கார்கள்தான் இவை. நம் நாட்டில் செய்தவை என்பதால் எனக்கு இவற்றின் மேல் தனிப் பிரியம்.

ஜாகுவாரில் பெயின்ட் நிறைய உதிர்ந்திருக்கிறது. மறுபடி அடிக்கப் போவதில்லை. அடித்தால் சேகரிப்பவர்கள் தொடமாட்டார்கள். அப்புறம், ஃபோக்ஸ்வேகனின் கூரையில் மெல்லிய விரிசல். துத்தநாகக் கலவையில் ஈயம் சேர்ந்திருந்தால் இப்படி உள்ளிருந்தே வெடிக்கும், அதை நிறுத்த வழியில்லை. இது அதுதானா, இல்லை கீழே விழுந்த அடியா? படத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். விரிசலை மறைத்து விற்க எனக்கு மனமில்லை.

அசல் பெட்டி இல்லாத நிக்கி கார் சமீபத்தில் என்ன விலைக்குப் போனது? விற்றவர்களும் வாங்கியவர்களும் தயவுசெய்து சொல்லுங்கள்.