புதுப்பிப்பு: இலவசப் பதிப்பில் எழுதியதை விற்கலாமா?

டெல்பி என்ற நிரல் எழுதும் கருவியில் பொழுதுபோக்காக எழுதிய சின்ன மென்பொருளை விற்க அதன் இலவச கம்யூனிட்டி பதிப்பே போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். உரிம ஒப்பந்தங்களை ஒருவழியாகப் படித்து முடித்தாயிற்று.

விற்கலாம், ஆண்டு வருமானம் 5,000 டாலரைத் தாண்டாதவரை. நிறுவனத்தின் பெயரில் விற்றால்தான் சிக்கல்: அங்கே இந்த மென்பொருளில் வந்த காசு மட்டுமல்ல, நிறுவனத்தின் மொத்த வருமானமும் கணக்கில் வரும். வேறு தொழில் செய்யும் சின்னக் கம்பெனிக்கு இந்த வரம்பு எந்த மூலைக்கு?

மைக்ரோசாஃப்டின் நிரல் கருவியான விஷுவல் ஸ்டூடியோவின் இலவச கம்யூனிட்டி பதிப்பு இதில் தாராளம். தனிநபருக்கு வருமான வரம்பே இல்லை. சிறு நிறுவனத்தில் 5 பேர் வரை பயன்படுத்தலாம்; 250 கணினிகளையோ ஆண்டுக்கு 10 லட்சம் டாலரையோ தாண்டினால் கிடையாது. ரைடர் என்ற இன்னொரு நிரல் கருவியும் 2024 முதல் இலவசம்தான், ஆனால் வணிகமல்லாத வேலைக்கு மட்டும்.

சரி, நான் என்ன செய்தேன்? டெல்பியைப் போன்ற இலவசக் கருவியான லாசரஸுக்கு மாறிவிட்டேன். அதன் நிரல் நூலகங்களுக்கான திருத்திய எல்ஜிபிஎல் என்ற திறமூல உரிமம், மூல நிரலை வெளியிடாமலே நிரலை விற்க அனுமதிக்கிறது. டெல்பித் திட்டத்தை மாற்றித்தரும் வசதியும் மெனுவிலேயே இருக்கிறது. படிவங்கள் (நிரலின் திரைகள்) பெரும்பாலும் சொன்னபடி கேட்டன, சரங்கள்தான் (நிரலில் வரும் எழுத்துத் தொடர்கள்) படுத்தின. ‘தமிழ்’ என்ற சரத்தின் நீளம் டெல்பியில் 5 (இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியாகச் சேரும்), இங்கே அவை ஒவ்வொன்றையும் மூன்று பைட்டாக வைக்கும் யூடிஎஃப்-8 குறியீட்டு முறை என்பதால் 15. நீளத்தை நம்பி வெட்டிய இடங்களையெல்லாம் தேடித் திருத்திக்கொண்டிருக்கிறேன். அறிக்கை அச்சிடும் பகுதி இன்னும் பாக்கி. அதற்கு நான் பயன்படுத்திய ஆயத்த மென்பொருள் கூறு டெல்பிக்கு மட்டுமே உரியது.