பழைய 5 சீரீஸில் வாட்டர் பம்ப் வேலையை வீட்டிலேயே பார்க்கலாமா?

வேளச்சேரி525
வண்டி 2008 மாடல் பிஎம்டபிள்யூ 525ஐ, இ60 வகை. செங்கல்பட்டுக்கு அருகே மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2007இல் திறந்த ஆலையின் ஆரம்ப கால வண்டிகளில் ஒன்று. பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி.யையும் புதுப்பித்துவிட்டேன். ஆயில், ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பிரேக் பேட் எல்லாம் நானே மாற்றுகிறேன். இப்போது ஸ்கேனரில், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் நீரைச் சுற்றவைக்கும் எலெக்ட்ரிக் வாட்டர் பம்ப்பின் வேகம் குறித்த எரர் வருகிறது. இன்னும் சூடாகவில்லை, ஆனால் இந்த வயதில் பம்ப் போவது இந்த எஞ்சினில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டேன். பம்ப், சூட்டுக்கேற்ப கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட், கூலி எல்லாம் சேர்த்து அவர்கள் சொன்ன தொகை, வண்டி இன்று விலைபோகும் தொகையில் கால் பங்கு. நானே செய்யலாம் என்று நினைக்கிறேன். வேண்டாம் என்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

ஷெட்டுக்காரர்
வேண்டாம் தம்பி. காரணத்தோடே சொல்கிறேன்.

உங்கள் எஞ்சின் என்52. அதன் பிளாக் மெக்னீசியமும் அலுமினியமும் சேர்ந்தது. அதனால் அதில் வரும் போல்ட்கள் அலுமினியத்தில் இருக்கும், ஒருமுறை இறுக்கினால் நீளும் ரகம். கழற்றியதைத் திரும்பப் போடக் கூடாது. கடையில் கிடைக்கும் சாதாரண இரும்பு போல்ட்டைப் போட்டால் ஈரம் பட்டதும் மெக்னீசியம் அரிக்க ஆரம்பிக்கும், அப்புறம் மரை போய்விடும். அந்த பிளாக்கில் மரை போனால் அதைச் சரிசெய்யத் தெரிந்த ஆள் ஊருக்கு ஒருவர் இருந்தால் அதிகம்.

அடுத்தது காற்று. கூலன்டில் காற்று அடைத்துக்கொண்டால் எஞ்சினின் மேல் பாகமான ஹெட்டுக்கு நீர் போகாது. உங்கள் வண்டியில் கூலன்ட் சூட்டைக் காட்டும் முள் கிடையாது. முதலில் மஞ்சள் எச்சரிக்கை, அப்புறம் சிவப்பு. சிவப்பு வந்த பிறகு வீடு பக்கம்தானே என்று ஓட்டினால் ஹெட் வளைந்துவிடும். கால் பங்கு மிச்சம் பிடிக்கப் போய் முழு வண்டியையும் இழப்பீர்கள். பாதி கழற்றிய நிலையில் டோ பண்ணி என் ஷெட்டுக்கு வரும் வண்டிகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்று ஓனருக்கே தெரியாது.

கோவை_டார்க்
அண்ணே, நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் அது வீட்டில் செய்பவருக்கு எதிரான வாதம் இல்லை. படிக்காமல் செய்பவருக்கு எதிரான வாதம்.

அலுமினிய போல்ட் விஷயம் இந்த எஞ்சினைப் பற்றிப் படிக்கும் எவருக்கும் முதல் நாளே தெரிந்துவிடும். அவர் பம்ப்போடு சேர்த்துப் புது போல்ட்டும் வாங்கிவிடுவார். சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு வண்டியை வெளியே அனுப்ப வேண்டிய ஷெட்டில்தான் கழற்றிய போல்ட்டே திரும்ப ஏறும். நல்ல ஷெட்டைச் சொல்லவில்லை, பெரும்பாலும் நடப்பதைச் சொல்கிறேன்.

காற்று எடுக்கும் முறையும் வண்டிக்குள்ளேயே இருக்கிறது. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் இக்னிஷனை மட்டும் போடுங்கள். ஹீட்டர் சூட்டை உச்சத்தில் வையுங்கள், ஃபேனைக் குறைந்தபட்சத்தில் வையுங்கள். ஆக்ஸிலரேட்டரைப் பத்து விநாடி முழுசாக மிதித்துப் பிடித்தால் பம்ப் தானாக ஓட ஆரம்பித்துக் கிட்டத்தட்ட பன்னிரண்டு நிமிடம் சுற்றும். பெல்ட்டில் ஓடும் பழைய பம்ப்பில் இந்த வசதியே இல்லை. எலெக்ட்ரிக் பம்ப் என்பதால் வீட்டில் செய்பவருக்கு இந்த இடத்தில் வேலை சுலபம்.

கணக்குப்பிள்ளை
கருவிச் செலவை யாரும் சேர்க்கவில்லை. போல்ட்டைச் சரியான விசைக்கு (டார்க்) இறுக்கும் டார்க் ரெஞ்ச், கோணம் பார்க்கும் கேஜ், நட்சத்திரத் தலை போல்ட்டுக்கான இ-டார்க்ஸ் சாக்கெட் செட், நல்ல ஜாக் ஸ்டாண்ட் நான்கு, பேட்டரி சார்ஜர், ஸ்கேனர் கேபிள். ஒரு பம்ப் வேலைக்காக மட்டும் இதையெல்லாம் வாங்கினால் மிச்சம் என்ன? இந்த வண்டியைப் பத்து வருடம் வைத்திருக்கப் போகிறவருக்குத்தான் கணக்கு சரிவரும்.

வேளச்சேரி525
சார், பாதி ஏற்கெனவே இருக்கிறது. வண்டியை விற்கும் எண்ணமும் இல்லை. அந்த ஆறு சிலிண்டர் எஞ்சினின் சத்தத்தை இன்று வரும் புது வண்டிகளில் நான் கேட்கவில்லை.

ஷெட்டுக்காரர்
ஜாக் ஸ்டாண்ட் என்று கணக்குப்பிள்ளை போகிற போக்கில் எழுதிவிட்டார். அதைத்தான் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். இந்த பம்ப்பை மேலே இருந்து கழற்ற முடியாது. கீழே படுத்து, அடி மூடியைக் கழற்றி, கை போக இடம் இல்லையென்றால் ஆன்டி ரோல் பாரையும் இறக்க வேண்டும். ஒன்றரை டன்னுக்கு மேல் கனமுள்ள வண்டி உங்கள் நெஞ்சுக்கு மேலே நிற்கும். வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான். அதை நம்பிக் கீழே போனவர்கள் செத்திருக்கிறார்கள். சாய்வான போர்டிகோவிலும் டைல்ஸ் தரையிலும் ஸ்டாண்ட் வழுக்கும். எனக்கு லிஃப்ட் இருக்கிறது. கூலி என்று நீங்கள் தருவதில் ஒரு பங்கு அந்த லிஃப்டுக்குத்தான்.

இன்னொன்று. பம்ப்பைக் கழற்றும்போது நான் பம்ப்பை மட்டும் பார்ப்பதில்லை. இந்த எஞ்சினில் ஆயில் ஃபில்டர் ஹவுஸிங் கேஸ்கெட் வயதானால் கசியும். கசிந்த ஆயில் நேராக பெல்ட் மேல் விழும். ஊறிப்போன பெல்ட் ஒரு நாள் நழுவி, அதைச் சுழற்றும் கிராங்க் புல்லியின் பின்னால் போய், முன் சீலைக் கிழித்துக்கொண்டு எஞ்சினுக்குள்ளேயே நுழைந்துவிடும். எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் பெல்ட் துண்டுகளைப் பொறுக்கியிருக்கிறேன். ஒரு சின்ன கேஸ்கெட் விவகாரம் அது. வீடியோவில் பம்ப் மாற்றக் காட்டுபவர், பக்கத்தில் இருக்கும் அந்த ஈரத்தைப் பார் என்று சொல்ல மாட்டார்.

நெல்லை_மீனா
நானும் இ60தான் வைத்திருக்கிறேன், ஊர் திருநெல்வேலி. இந்த வண்டிக்கு ஸ்கேனரும் அனுபவமும் உள்ள இடத்துக்குப் போக வேண்டுமென்றால் எனக்கு மதுரை, நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். சென்னையில் இருப்பவர்கள் "ஷெட்டுக்குக் கொண்டுபோ" என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறீர்கள். எனக்கு அது டோ லாரி, இரண்டு நாள் லீவு, பஸ்ஸில் திரும்பி வருவது. அதனால்தான் கற்றுக்கொண்டேன்.

எந்த வேலையை எடுப்பது, எதை விடுவது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவு ஒன்று உண்டு. செய்து முடித்த பிறகு, வண்டி ரோட்டுக்குப் போவதற்கு முன்னால், வேலை சரியாக நடந்திருக்கிறது என்று வீட்டு வாசலிலேயே என்னால் சோதித்துப் பார்க்க முடியுமா? முடிந்தால் எடுப்பேன், எவ்வளவு கடினமாக இருந்தாலும். முடியாவிட்டால் எளிதான வேலையாக இருந்தாலும் விட்டுவிடுவேன்.

பம்ப் முதல் வகை. மாற்றியதும் அதை ஓடவிட்டுக் கசிவு பார்க்கலாம். வண்டியை நிறுத்தி வைத்தே எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றி, ஸ்கேனரில் கூலன்ட் சூட்டையும் பம்ப் வேகத்தையும் கண்ணால் பார்க்கலாம். மறுநாள் ஆறிய பிறகு மட்டம் இறங்கியிருக்கிறதா என்றும் பார்க்கலாம். ஏர்பேக் அப்படி இல்லை. அது சரியாகப் போடப்பட்டதா என்று தெரிய வேண்டுமென்றால் விபத்து நடக்க வேண்டும். ஸ்டீயரிங் வீலைக் கழற்றும் வேலையை நான் தொடுவதே இல்லை.

சும்மா ஒரு தகவல்: சன்ரூஃப் உள்ளவர்கள் மழைக்கு முன்னால் அதன் வடிகால் குழாய்களைச் சுத்தம் பண்ணிவிடுங்கள். அடைத்துக்கொண்டால் தண்ணீர் காருக்குள்ளே இறங்கும். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தையும் பாருங்கள், அங்கே தண்ணீர் தேங்கினால் பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் பெட்டிகள் போய்விடும். ஸ்பானரே வேண்டாத வேலை இது.

ஷெட்டுக்காரர்
அம்மா, நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. பக்கத்தில் ஆள் இல்லாத ஊரில் இருப்பவரிடம் நான் செய்யாதே என்று சொல்ல முடியாது. அந்த அளவும் சரிதான், என் பசங்களுக்கும் இதைச் சொல்வேன். ஆனால் ஒரு திருத்தம். டார்க் கூடிப்போய் பாதி அறுந்த போல்ட் அன்றைக்குக் கசியாது, மூன்று மாதம் கழித்துக் கசியும். எல்லாத் தவறும் வாசலிலேயே தெரிந்துவிடாது.

வேளச்சேரிக்காரர் சென்னையில் இருக்கிறார். அவருக்கு இந்தக் கட்டாயம் இல்லை.

கோவை_டார்க்
கட்டாயம் இருந்தால்தான் கற்றுக்கொள்ள வேண்டுமா அண்ணே? தன் வண்டியைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுவதும் ஒரு காரணம்தான். ஷெட்டுக்குப் போகும்போதும் அது உதவும், என்ன கழற்றினார்கள் என்று கேட்கத் தெரியும்.

இதே விவாதத்தில் அடுத்தது கியர்பாக்ஸ் ஆயிலையும் பேசிவிடலாம். உள்ளே இருப்பது இசட்எஃப் ஆறு கியர் பெட்டி. ஆயுளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம் என்று பலரும் நம்புகிறார்கள். பெட்டியைச் செய்த இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. ஃபில்டரும், அடியில் ஆயில் தேங்கும் பிளாஸ்டிக் தட்டும் ஒரே துண்டு, மொத்தமாக மாற்ற வேண்டும். இதையும் வீட்டிலேயே செய்யலாம்.

ஷெட்டுக்காரர்
மாற்ற வேண்டும் என்பதில் சண்டையே இல்லை. ஆயுள் ஆயில் என்று நம்பிப் பெட்டியைக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறைய. வீட்டில் செய்யலாம் என்பதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மட்டம் பார்க்க வண்டி நாலு பக்கமும் சமமாகத் தூக்கி நிற்க வேண்டும், எஞ்சின் ஓட வேண்டும், ஆயில் 30க்கும் 50க்கும் இடைப்பட்ட டிகிரியில் இருக்க வேண்டும், நீங்கள் கீழே படுத்து நிரப்பும் துளையில் வழிகிறதா என்று பார்க்க வேண்டும். ஓடும் எஞ்சினுக்குக் கீழே, ஸ்டாண்ட் மேல் நிற்கும் வண்டியில்! குறைந்தாலும் கெடும், கூடினாலும் கெடும். மீனா அம்மாவின் அளவை வைத்தே பாருங்கள், இது தேறாது.

நெல்லை_மீனா
தேறாதுதான். கியர்பாக்ஸுக்கு நான் மதுரை போனேன்.

கோவை_டார்க்
நான் ஒத்துக்கொள்ளவில்லை. சமதளத்தில் நான்கு ஸ்டாண்டும், ஸ்கேனரில் ஆயில் சூடும் இருந்தால் அந்த மட்டமும் சோதிக்கக்கூடியதுதான். ஒன்று மட்டும் எல்லோரும் நினைவில் வையுங்கள்: கீழே வடிகால் போல்ட்டைத் தொடுவதற்கு முன்னால் நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று பாருங்கள். வடித்த பிறகு நிரப்பும் போல்ட் வரவில்லையென்றால் வண்டி அங்கேயே நிற்கும்.

வேளச்சேரி525
முடிவு செய்துவிட்டேன். பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் நானே மாற்றுகிறேன். புது அலுமினிய போல்ட்டும், ஷெட்டுக்கார அண்ணன் சொன்ன ஆயில் ஃபில்டர் ஹவுஸிங் கேஸ்கெட்டும் சேர்த்து ஆர்டர் போட்டாயிற்று. என் போர்டிகோ சாய்வுதான், அதனால் நண்பர் ஒருவரின் கோடவுனில் சமமான கான்கிரீட் தரையில் செய்கிறேன், அவரும் கூடவே இருப்பார். கியர்பாக்ஸ் ஆயிலுக்கு லிஃப்ட் உள்ள இடத்துக்குத்தான் போவேன். அண்ணே, கூலன்ட் ஒன்று மட்டும் கேட்கிறேன்: கடையில் கிடைக்கும் பச்சை நிறம் போடலாமா?

ஷெட்டுக்காரர்
நிறத்தைப் பார்க்காதீர்கள், கேனில் ஜி48 என்ற கூலன்ட் வகையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர், போர் தண்ணீர் கூடவே கூடாது. காற்று எடுக்கும் பன்னிரண்டு நிமிடமும் பேட்டரியில் சார்ஜர் மாட்டியிருக்கட்டும், நடுவில் வோல்ட்டேஜ் இறங்கினால் பம்ப் நின்றுவிடும். வடித்த பழைய கூலன்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். இனிப்பாக இருக்கும், தெருநாய் குடித்தால் செத்துவிடும். மூடி போட்ட கேனில் ஊற்றி என் ஷெட்டில் கொடுங்கள், கழிவு எடுக்க ஆள் வருகிறார்.

ஹவுஸிங்கைக் கழற்றியதும் பெல்ட்டைத் தொட்டுப் பாருங்கள். ஆயில் பிசுக்கு இருந்தால் துடைத்துப் போட வேண்டாம், புதுசு வாங்குங்கள்.