சிறைக்குள் இருந்த தேர்தல் நாள்

மதுரையிலிருந்து:

2019 ஏப்ரல் 18. அன்று சித்திரைத் தேரோட்டம் என்பதால் எங்கள் தொகுதியில் மட்டும் இரவு எட்டு மணி வரை ஓட்டுப்பதிவு. வீட்டில் நாலு ஓட்டு, பூத் சிலிப்பும் நாலு வந்திருந்தது. போட்டது மூன்றுதான். அண்ணன் ரிமாண்டில் இருந்தான்.

தெருச் சண்டையில் ஒருவருக்கு மண்டை உடைந்துவிட்டது. அந்த இடத்தில் நின்ற ஏழு பேர் மேலும் வழக்கு. அண்ணனுக்கு ஜாமீன் உத்தரவு வந்தும் அவனால் வெளியே வர முடியவில்லை. ரத்த உறவில் ஒருவர், வெளியாள் ஒருவர் என்று இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், வீட்டு வரி ரசீதும் வேண்டும் என்றார்கள். வாடகை வீட்டுக்காரர்கள் நாங்கள், எங்கள் சொந்தமெல்லாம் எங்களைப் போலத்தான். யாரிடம் போய்க் கேட்பது? அதே வழக்கில் சேர்க்கப்பட்ட இன்னொருவர் அரிசி மண்டி வைத்திருக்கிறார். பத்தே நாளில் வெளியே வந்துவிட்டார். ஓட்டுப் போடும் வரிசையில் எங்களுக்கு நாலு ஆள் முன்னால் நின்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவர் ஓட்டு அவருடையது. ஆனால் ஒரே எஃப்.ஐ.ஆர்., ஒரே பிரிவுகள். அவர் போட்டார், எங்கள் அண்ணன் போடவில்லை. நடுவில் இருந்தது ஒரு வரி ரசீது.

தேர்தலுக்கு முந்தைய வாரம் சிறையில் மனு போட்டு அண்ணனைப் பார்க்கப் போனபோது அம்மா அவன் சிலிப்பை ரேஷன் கார்டுக்குள் வைத்து எடுத்து வந்திருந்தார். அதைக் கம்பி வலையில் விரித்துப் பிடித்து, "உன் போட்டோ கூட இருக்குடா" என்றார். பக்கத்தில் நின்ற காவலரிடம், "ஐயா, ஒரு அரை மணி நேரம் நீங்களே கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வந்துருங்களேன்" என்று கேட்டார். அவர் நல்ல மனிதர். "சட்டத்துலயே இடமில்லம்மா" என்று தணிவாகத்தான் சொன்னார். அண்ணன் கேட்டான்: "கேஸே இன்னும் ஆரம்பிக்கலயே?"

2022-இல் வழக்கிலிருந்து விடுதலையானான். போன ஓட்டு போனதுதான்.

சேலம் பக்கத்திலிருந்து:

மதுரைத் தங்கச்சி எழுதியதைப் படித்ததும் எனக்கும் எழுதத் தோன்றியது. நான் ஆயுள் தண்டனை அனுபவித்தவன். செய்த குற்றத்தை மறைக்கவில்லை. 2018-இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி, பத்து வருடம் முடித்த ஆயுள் கைதிகளை அரசு விடுவித்தபோது நானும் வந்தேன்.

2019-இல் ஊரே ஓட்டுப் போட்டது, நான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். கொலை வழக்கில் தண்டனை வாங்கியவனுக்கு இனி ஜென்மத்துக்கும் ஓட்டு கிடையாது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். உள்ளே எல்லாரும் அப்படித்தான் பேசிக்கொள்வோம். பட்டியலில் என் பெயரும் இல்லை, அதனால் சந்தேகமே வரவில்லை. மகள்தான் யாரிடமோ விசாரித்து வந்து, "அப்பா, தேர்தல்ல நிக்கத்தான் உங்களுக்குத் தடை, ஓட்டுப் போட இல்ல" என்றாள். சிறப்பு முகாமில், பட்டியலில் பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6 எழுதிக் கொடுத்தோம். எங்கே இருந்தீர்கள் என்று கேட்பார்களோ என்று பயந்துகொண்டே நின்றேன். வயதுச் சான்றும் முகவரியும் மட்டும் கேட்டார்கள்.

2021 ஏப்ரல் 6. நான் சிறைக்குப் போன காலத்தில் ஓட்டு மிஷின் மட்டும்தான் இருந்தது. இப்போது பக்கத்தில் ஒரு பெட்டி, அதற்குள் கண்ணாடி வழியாக ஒரு சீட்டு ஏழு நொடி தெரிகிறது. நான் அமுக்கிய சின்னம். சீட்டு உள்ளே விழுந்த பிறகும் நகராமல் நின்றுவிட்டேன். "போலாங்க பெரியவரே" என்றது பூத்தில் வேலை பார்த்த பொண்ணு.

இலவச சட்ட உதவி வழக்கறிஞர்:

ஐயாவின் மகள் சொன்னது சரி. இரண்டு ஆண்டுக்குக் குறையாத தண்டனை என்றால், தண்டனைக் காலத்திலும் விடுதலையான பின் ஆறு ஆண்டுகளும் போட்டியிடத் தடை. வாக்குரிமைக்கு அப்படித் தொடரும் தடை இல்லை, சிறைக்குள் இருக்கும்வரைதான். 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5) பிரிவு அதைச் சொல்கிறது. தண்டனைக் கைதி, விசாரணைக் கைதி, போலீஸ் காவலில் இருப்பவர் என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை.

தடுப்புக் காவலுக்கு, அதாவது குற்றம் செய்துவிடக்கூடும் என்று முன்கூட்டியே அடைத்து வைப்பதற்கு, மட்டும் விலக்கு உண்டு. குண்டர் சட்டத்தில் மட்டும் வைக்கப்பட்டிருந்த ஓர் இளைஞரிடம் "உனக்குத் தபால் ஓட்டு உண்டு" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற பையன் "அப்ப எனக்கு, சார்?" என்றான். செல்போன் பறிப்பு வழக்கு, விசாரணைக் கைதி. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1997-இல் இந்தப் பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தன் நடத்தையால் சிறைக்குப் போனவர் மற்றவர்களுக்குச் சமமான சுதந்திரம் கோர முடியாது என்றது. போதிய போலீஸ் பாதுகாப்புக்கு வசதி இல்லை என்பதும் ஒரு காரணம். குற்றமே நிரூபிக்கப்படாதவருக்கு முதல் காரணம் எப்படிப் பொருந்தும் என்று இத்தனை வருடமாகியும் எனக்கு விளங்கவில்லை. 2022 இறுதியில் நம் நாட்டுச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். 2024-இல் டெல்லி திகார் சிறையில் விசாரணைக் கைதியாக இருந்தபடியே காஷ்மீரின் பாராமுல்லா தொகுதியில் ஒருவர் நின்று ஜெயித்தார். நிற்கலாம், ஓட்டுப் போட முடியாது.

உள்ளே போனதற்காகப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கக் கூடாது என்று 2013 திருத்தம் சொல்கிறது. ஆனால் ஆள் ஊரில் இல்லை என்று பெயர் போய்விடுவது உண்டு. உங்கள் வீட்டில் யாராவது வெளியே வந்திருந்தால் முதலில் பட்டியலைப் பாருங்கள். பெயர் இல்லையென்றால் படிவம் 6 போதும்.