"டிரெயின் ஃபீல்ட் போய்விட்டது" என்று சொன்னால் உடனே தோண்டச் சொல்லிவிடாதீர்கள்

வெளிநாட்டில் நகரத்தைத் தாண்டி, கொஞ்சம் நிலத்தோடு வீடு வாங்கும் நம்மவர்களில் பலருக்கு, அந்த வீட்டுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பே கிடையாது என்பது குடியேறிய பிறகுதான் உறைக்கிறது. கழிவுநீர் முழுவதும் தோட்டத்துக்கு அடியில் புதைந்திருக்கும் செப்டிக் டேங்குக்குப் போகிறது. அங்கிருந்து புல்வெளிக்குக் கீழே மண்ணில் இறங்குகிறது. அந்த மண்பகுதிதான் டிரெயின் ஃபீல்ட். ஒருநாள் புல்லில் கால் வைத்தால் சதசதவென்று ஈரம், கூடவே சாக்கடை நாற்றம். பார்க்க வந்தவர், "ஃபீல்ட் போய்விட்டது, புதிதாகத்தான் போட வேண்டும்" என்கிறார். ஒரு வீட்டுக்குச் செய்யும் செலவுகளிலேயே மிகப் பெரியவற்றில் இதுவும் ஒன்று. பதற்றத்தில் தலையாட்டிவிடாதீர்கள். ஃபீல்ட் உண்மையிலேயே செயலிழந்துவிட்டதா, அதற்கு முன்னால் வேறெங்காவது கோளாறா என்பது தெரிந்த பிறகுதான் இயந்திரம் தோட்டத்துக்குள் வர வேண்டும்.

முதலில் நீரின் பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள். டேங்கில் கனமானவை அடியில் சேறாகத் தங்கும். எண்ணெயும் கொழுப்பும் மேலே ஏடாகப் படரும். இடையில் இருக்கும் நீர் மட்டும் வெளியேறும் குழாய் வழியாக ஒரு சிறிய பிரிப்புப் பெட்டிக்குப் போகும். அங்கிருந்து துளையிட்ட குழாய்களில் பிரிந்து, ஜல்லி நிரப்பிய பள்ளங்கள் வழியே மண்ணில் இறங்கும். ஜல்லியும் மண்ணும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் கறுப்பாக, வழவழவென்று ஒரு படலம் கட்டும். அது இருக்க வேண்டியதுதான். கிருமிகளைத் தடுத்து நிறுத்துவதில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் சேறும் கொழுப்பும் டேங்கைத் தாண்டி வந்தால் அந்தப் படலம் தடித்துப்போய் நீரை இறங்கவிடாமல் அடைத்துக்கொள்கிறது. டேங்கைப் பல வருடங்கள் காலி செய்யாமல் விட்ட வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

சோதனையை வீட்டுக்குள்ளிருந்து தொடங்குங்கள். ஒரே ஒரு வாஷ்பேசின் மட்டும் மெதுவாக வடிந்தால் கோளாறு அந்தக் குழாயில்தான். ஃபீல்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எல்லா இடமும் மெதுவாக வடிந்து, வீட்டின் மிகத் தாழ்வான இடத்தில் கழிவுநீர் பின்னோக்கி மேலே வந்தால், கோளாறு பிரதானக் குழாயிலோ, டேங்கிலோ, அதற்கு அப்பாலோ இருக்கிறது.

அடுத்தது டேங்கின் மூடி. இதைச் செப்டிக் வேலை தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். டேங்கில் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு ஓரிரு மூச்சில் ஆளை மயங்கச் செய்து கொன்றுவிடும், மீத்தேன் தீப்பிடிக்கும். தலையை உள்ளே நீட்டுவதோ, கீழே விழுந்த பொருளை எடுக்க இறங்குவதோ எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. உள்ளே விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கியவர்களும் சேர்ந்து இறந்துபோன சம்பவங்கள் உண்டு. குழந்தைகளை வீட்டுக்குள் வைத்திருங்கள். பழைய மூடியில் விரிசலோ துருவோ இருந்தால் அதை அன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். இதில் நாள் கடத்தவே கூடாது.

மூடியைத் திறந்தவுடன் நீரை இறைக்க ஆரம்பிக்கக் கூடாது. முதலில் நீர்மட்டத்தைப் பார்க்க வேண்டும். பலர் தவறவிடும் இடம் இதுதான். நீர்மட்டம் வெளியேறும் குழாயின் அடிவிளிம்போடு நின்றால் அது இயல்பான அளவு. அப்படி இருந்தும் வீட்டுக்குள் கழிவுநீர் ஏறுகிறது என்றால், அடைப்பு வீட்டுக்கும் டேங்குக்கும் இடையில். ஃபீல்டைத் தொடவே வேண்டாம். நீர்மட்டம் அந்த அடிவிளிம்புக்குக் கீழே இருந்தால் டேங்க் கசிகிறது. குழாய்க்கு மேலே ஏறி நின்றால் வெளியே போக வழியில்லை என்று பொருள். அப்போதும் ஃபீல்டைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். வெளியேறும் வாயில் ஒரு வடிகட்டி இருக்கலாம். அதை வருடக்கணக்கில் கழுவாமல் விட்டிருந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். கழுவிப் போட்டவுடன் மட்டம் இறங்கிய வீடுகள் இருக்கின்றன.

டேங்கைக் காலி செய்யும்போது பக்கத்திலேயே நின்று வெளியேறும் குழாயைக் கவனிக்கச் சொல்லுங்கள். மட்டம் குழாய்க்குக் கீழே இறங்கியதும் ஃபீல்ட் பக்கத்திலிருந்து நீர் சலசலவென்று டேங்குக்குள் திரும்பி ஓடிவந்தால், பள்ளங்கள் நிரம்பித் ததும்பிக்கொண்டிருக்கின்றன. சொட்டுக்கூட வராமல், அதற்கு முன்பு மட்டம் மட்டும் உயர்ந்திருந்தால், இடையில் உள்ள குழாயில் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம். கேமரா விட்டுப் பார்த்தால் மரவேரா, நசுங்கிய குழாயா என்பது தெரிந்துவிடும்.

பிறகு பிரிப்புப் பெட்டி. சிறிய கான்கிரீட் பெட்டிதான், ஆனால் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் மொத்த நீரும் ஒரே பள்ளத்துக்குப் போகும். அந்தப் பள்ளத்துக்கு மேலே மட்டும் புல் கரும்பச்சையாக, ஒரு பட்டைபோல நீளமாக வளர்ந்திருக்கும். மற்றப் பள்ளங்கள் காய்ந்து கிடக்கும். பெட்டியை நிமிர்த்தி, நிரம்பிய பள்ளத்துக்குப் போகும் வாயை அடைத்து ஓய்வு கொடுத்தால் மண் நாளடைவில் தேறிவரும். காற்று உள்ளே போகப் போக அந்தக் கறுப்புப் படலம் சிதைந்து மெலியும். அதற்கு மாதங்கள் பிடிக்கும், பொறுமை வேண்டும்.

மழைக்காலத்தில் மட்டும் தொல்லை என்றால், மேலிருந்து வரும் தண்ணீரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கூரையிலிருந்து இறங்கும் குழாய், அடித்தளத்து நீரை வெளியேற்றும் பம்பின் குழாய், இவை ஃபீல்டை நோக்கித் திரும்பியிருக்கின்றனவா என்று பாருங்கள். திருப்பிவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரலாம்.

கோடையிலும் ஈரம் போகவில்லை என்றால் வீட்டுக்குள் செலவாகும் தண்ணீரைக் கணக்கெடுங்கள். பெரிய திருடன் கழிப்பறைத் தொட்டிதான். அதன் அடியில் இருக்கும் ரப்பர் மூடி தேய்ந்துபோனால், சத்தமே இல்லாமல் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் கசிந்து நேராக ஃபீல்டுக்குப் போகும். தொட்டியில் சில துளி உணவு நிறமி விடுங்கள். ஃப்ளஷ் செய்யாமலேயே அரை மணிக்குள் கீழே கோப்பையில் நிறம் தெரிந்தால் கசிவு உறுதி. துணி துவைப்பதை ஒரே நாளில் குவிக்காமல் வாரம் முழுவதும் பரப்புங்கள். பெற்றோர் வந்து மாதக்கணக்கில் தங்கும்போது வீட்டின் நீர்ச் செலவு திடீரென்று ஏறும். டேங்கை அதற்கு முன்பே காலி செய்துவைப்பது நல்லது.

கடையில் விற்கும் பாக்டீரியாப் பொடிகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன். வேண்டிய பாக்டீரியா கழிவிலேயே இருக்கிறது. சில ரசாயனக் கரைப்பான்கள் நிலத்தடி நீரையே கெடுத்துவிடும். அழுத்த நீரால் குழாயைக் கழுவுவது வேர், சேறு அடைப்புக்கு உதவும்; மண்ணில் படிந்த படலத்தை அது தொடாது.

இவ்வளவையும் பார்த்து முடித்த பிறகும் பள்ளங்கள் நிறைந்தே கிடந்தால், ஃபீல்ட் முடிந்துவிட்டது என்று ஏற்கலாம். நன்றாகப் பராமரித்த ஃபீல்டே 20 முதல் 30 வருடங்கள் உழைக்கும் என்பதுதான் பொதுவான கணக்கு. புதியது போடப் பெரும்பாலான இடங்களில் உள்ளூர் சுகாதாரத் துறையின் அல்லது நகராட்சியின் அனுமதி வேண்டும். மண் எவ்வளவு வேகமாக நீரை உறிஞ்சுகிறது என்ற சோதனையும் நடக்கும். வீட்டின் பழைய வரைபடத்தை அதே அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். மாற்று ஃபீல்டுக்கென்று இடம் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கலாம். அந்த இடத்தில் கார் நிறுத்துமிடமோ மரமோ வைத்துவிடாதீர்கள். மண் இறுகிவிட்டால் பயன்படாது. நிலத்தடி நீர்மட்டம் தரைக்கு மிக அருகில் இருந்தால் மணல்மேடு கட்டி அதன்மேல் ஃபீல்ட் அமைக்கும் முறையும் உண்டு.

குடிப்பது கிணற்று நீர் என்றால், ஃபீல்ட் கசியும் நாளிலிருந்தே அதைக் குடிப்பதை நிறுத்திவிட்டு, கோலிஃபார்ம் பாக்டீரியாவுக்கும் நைட்ரேட்டுக்கும் சோதனை செய்யுங்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் இதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. பாக்டீரியா கொதிக்கவைத்தால் சாகும். நைட்ரேட் கொதிக்கவைத்தால் போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். முடிவு கைக்கு வரும் வரை பால் கலக்கவும் சமைக்கவும் பாட்டில் தண்ணீரையே பயன்படுத்துங்கள்.